ஏ பிளஸ் வாங்கிய நிறுவனத்தை நம்பிச் சேரலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். ஊட்டச்சத்து மாத்திரைகளை எம்.எல்.எம். முறையில், அதாவது ஆள்மேல் ஆள் சேர்த்துப் பல அடுக்காக விற்கும் நிறுவனம் ஒன்றில் சேரும்படி உங்கள் அண்ணி அழைக்கிறார். நீங்கள் அவசரப்படாமல் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். அமெரிக்காவின் பெட்டர் பிசினஸ் பீரோ அந்த நிறுவனத்துக்கு ஏ பிளஸ் கொடுத்திருக்கிறது. நட்சத்திர மதிப்பீட்டில் ஐந்துக்கு 4.6. மூன்று ஆண்டுகளில் முப்பத்துச் சொச்சம் புகார்கள்தான். இவ்வளவு நல்ல பெயர் எடுத்த நிறுவனத்தை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

மாத்திரை வாங்குவதற்கு என்றால் ஓரளவு நம்பலாம். பணம் கட்டி உறுப்பினராகிச் சம்பாதிப்பதற்கு என்றால், இந்த மூன்று எண்களும் உங்கள் கேள்வியின் பக்கமே திரும்பவில்லை. நுகர்வோர் அமைப்பு ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் புகார் மனுக்களைப் படித்துப் பதில் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெட்டர் பிசினஸ் பீரோ 1912இல் வேர்விட்ட அமைப்பு. பெயரைக் கேட்டால் அரசு அலுவலகம் போலத் தோன்றும். ஆனால் அது நுகர்வோர் புகார்களை வாங்கி நிறுவனங்களுக்குத் தரம் போடும் தனியார் அமைப்பு. அங்கீகாரம் பெறும் நிறுவனங்கள் கட்டும் ஆண்டுக் கட்டணத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஏ பிளஸ் முதல் எஃப் வரையிலான தரவரிசைக்கு அவர்கள் பார்க்கும் விஷயங்கள் இவை: நிறுவனத்தின் அளவுக்கு எத்தனை புகார்கள், வந்த புகாருக்குப் பதில் சொன்னார்களா, எத்தனை காலமாகத் தொழில் செய்கிறார்கள், அரசு நடவடிக்கை ஏதும் உண்டா, உரிமம் ஒழுங்காக இருக்கிறதா, விளம்பரத்தில் பிசகு உண்டா. அதே பக்கத்தில் வாடிக்கையாளர்கள் எழுதும் விமர்சனங்கள் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. ஐம்பது பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருக்கும் பக்கத்தின் தலையில் ஏ பிளஸ் மின்னுவது இதனால்தான். பார்ப்பவர்களுக்கு அது முரணாகத் தெரியும். அவர்கள் விதிப்படி அதில் முரண் எதுவும் இல்லை.

புகார் 'முடிந்தது' என்பதற்கும் அங்கே பல பொருள் உண்டு. தீர்க்கப்பட்டது என்றால் புகார்தாரர் ஒப்புக்கொண்டார் என்று பொருள். பதிலளிக்கப்பட்டது என்றால் நிறுவனம் ஒரு விளக்கம் எழுதிவிட்டது, புகார்தாரர் அதை ஏற்கவில்லை அல்லது அதன் பிறகு பேசவில்லை. இரண்டாவது வகையும் நிறுவனத்துக்குப் பெரிய கேடு செய்வதில்லை. கடிதத்துக்கு உரிய காலத்தில் பதில் போடும் ஒரு பிரிவை வைத்துக்கொண்டாலே தரம் காப்பாற்றப்படும். பெரிய எம்.எல்.எம். நிறுவனங்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கும். அதில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மிகப் பண்பானவர்கள்.

இந்தத் தரவரிசை ஒருமுறை பகிரங்கமாகவே மானம் இழந்தது. 2010 நவம்பரில் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒரு செய்தி வெளியிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக் கிளையில் ஹமாஸ் என்ற பெயரில் சிலர் விண்ணப்பித்து 425 டாலர் கட்டியிருக்கிறார்கள். ஏ மைனஸ் கிடைத்துவிட்டது. அங்கீகாரம் வாங்கிய நிறுவனங்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் வழக்கத்தை அதன் பிறகு பீரோ கைவிட்டது. அந்தக் கிளையையும் 2013இல் வெளியேற்றியது. இப்போதும் காசுக்குத் தரம் விற்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழுதான மின்விசிறியை மாற்றித் தராத கடைக்காரரைப் பற்றித் தெரிந்துகொள்ள அது உதவும். எம்.எல்.எம். விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நடுவயதுப் பெண் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பிரிக்காத பதினொரு டப்பாக்கள் ஒரு பையில். கூடவே ஒரு பள்ளி நோட்டு; அதில் மாதாமாதம் கட்டிய தொகை, வந்த கமிஷன், கூட்டங்களுக்குப் போய்வந்த செலவு எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தார். இப்படி ஆதாரத்தோடு வருகிறவர்கள் அபூர்வம். படிவத்தை நிரப்பத் தொடங்கினார். பெயர், முகவரி, நிறுவனத்தின் பெயர், கட்டிய தொகை எல்லாம் மளமளவென்று எழுதினார். 'உங்களை இதில் சேர்த்தவர் யார்?' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவரைச் சேர்த்தவர் நாத்தனார். சிறிது நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் மூன்று பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறேன் சார், அவர்கள் என் பெயரைத்தானே எழுதுவார்கள்?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் படிவத்தை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். டப்பாக்களைத் தூக்கிச் செல்ல நான்தான் படி வரை உதவினேன்.

அந்த நிறுவனத்தின் புகார் எண்ணிக்கை அன்று மாலையும் காலையில் இருந்த அதே எண்தான்.

எம்.எல்.எம். புகார்கள் ஏன் குறைவாக இருக்கின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டங்களில் முதல் நாளிலிருந்தே சொல்லித்தருவது, 'திட்டம் தோற்பதில்லை, விட்டுவிட்டுப் போகிறவர்தான் தோற்கிறார்' என்பது. ஓராண்டு அதைக் கேட்டவர் பணம் போனதும் நிறுவனத்தின் மேல் குற்றம் காண்பதில்லை. தனக்கு உழைப்புப் போதவில்லை என்று வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். வாங்கிய குக்கர் வெடித்தால் யாரும் தன்னை நொந்துகொள்வதில்லை. இங்கே நொந்துகொள்ளக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

புகார் இல்லாமையும் பாதிப்பு இல்லாமையும் வேறு வேறு என்பதற்கு வழக்குகளே சாட்சி. அட்வோகேர் என்ற அமெரிக்க நிறுவனம் 1993இல் தொடங்கி கால் நூற்றாண்டு பல அடுக்கு முறையில் நடந்தது. 2019 அக்டோபரில் அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதைப் பிரமிட் திட்டம், அதாவது ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் சுற்றும் திட்டம் என்று குற்றம் சாட்டியது. நிறுவனம் 15 கோடி டாலர் கட்டவும் பல அடுக்கு முறையை அடியோடு விடவும் உடன்பட்டது. 2022இல் 2,24,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் காசோலை போனது. ஹெர்பலைஃப் என்ற இன்னொரு எம்.எல்.எம். நிறுவனம் 2016 ஜூலையில் அதே ஆணையத்துடன் 20 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. அதிலிருந்து ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேருக்குப் பணம் போனது. இவ்வளவு பேரும் முன்பே புகார் எழுதியவர்கள் என்று யாராவது நம்புவார்களா?

அட்வோகேர் வழக்கில் ஆணையம் வைத்த கணக்கை ஒரு மண்டபத்தில் உட்கார்த்திப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டு நிலவரம் அது. நூறு விநியோகஸ்தர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 72 பேருக்கு நிறுவனத்திடமிருந்து அந்த ஆண்டு முழுக்க ஒரு காசும் வரவில்லை. 18 பேருக்கு ஒரு சென்ட்டிலிருந்து 250 டாலருக்குள். இன்னும் ஆறு பேருக்கு 250லிருந்து 1,000 டாலருக்குள். மிச்சம் நான்கு நாற்காலி. மேடையில் நின்று கார் சாவியைத் தூக்கிக் காட்டுகிறவர் அந்த நான்கு பேரில் ஒருவர். இது செலவைக் கழிக்காத வரவு. சேர 59 டாலர். எல்லா வகைக் கமிஷனுக்கும் தகுதி பெற 1,200 முதல் 2,400 டாலர் வரை பொருள் வாங்குவது வழக்கமாக இருந்தது என்று ஆணையம் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து நட்சத்திரங்கள். 4.6 என்ற சராசரியைப் பார்க்காதீர்கள். ஐந்து எத்தனை, ஒன்று எத்தனை, நடுவில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். சாதாரணப் பொருளுக்கு மூன்றும் நான்கும் தாராளமாக இருக்கும். 'பரவாயில்லை, மூடி சரியாக இல்லை' என்கிற மாதிரி. எம்.எல்.எம். பொருளுக்குப் பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் கூட்டம், நடுவில் ஆளே இல்லை. ஐந்து போடுகிறவர்களில் பலர் அதை விற்பவர்கள். மாத்திரை சாப்பிட்டு மூட்டு வலி போன கதையை எழுதும் அதே கை, கடைசி வரியில் 'மேலும் அறிய என்னைத் தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதும். தனக்கு ஆதாயம் உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆணையத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. பொய் விமர்சனங்களைத் தடைசெய்யும் தனி விதியே 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஆனால் அப்லைன் (சேர்த்துவிட்டவர்) சொல்லி டவுன்லைன் (அவருக்குக் கீழே சேர்ந்தவர்) போட்ட நட்சத்திரத்தை யார் எண்ணிக் கழிப்பது?

எதிர்ப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். 'இந்த நிறுவனம் மோசடியா? என் உண்மை அனுபவம்' என்ற தலைப்பில் வரும் நீளமான கட்டுரைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். பாதிக்கு மேல் நியாயமாக எழுதிக்கொண்டே போவார்கள். கடைசிப் பத்தியில், 'நான் இதை விட்டுவிட்டு இன்னும் நல்ல வாய்ப்பு ஒன்றைக் கண்டுகொண்டேன்' என்று ஒரு இணைப்பு இருக்கும். அது இன்னொரு எம்.எல்.எம். திட்டமாகவோ 'ஆன்லைனில் சம்பாதிக்கும்' பயிற்சியாகவோ இருக்கும். ஏமாந்தவர்களையே குறிவைத்து வலை வீசும் வேலை இது. எனக்கு மேடையில் கார் சாவி காட்டுகிறவரைவிட இவர் மேல்தான் கோபம் அதிகம்.

அப்படியானால் புகார் பக்கம் எதற்குமே உதவாதா? உதவும். எண்ணாதீர்கள், படியுங்கள். முப்பது மனு என்றால் ஒரு மணி நேர வேலை.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எழுதியவர் யார் என்பது. பொருளை மட்டும் வாங்கியவரா, உறுப்பினரா? முப்பதில் இருபத்தெட்டு உறுப்பினர்கள் எழுதியவை என்றால் எனக்கு அது ஒரு பெரிய செய்தி. குறை சொல்ல வெளி வாடிக்கையாளரே இல்லை என்றால், பொருளை வாங்க வெளி வாடிக்கையாளரும் இல்லாமல் இருக்கலாம். உறுப்பினர்களே வாங்கி, உறுப்பினர்களே அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் அங்கே தொடங்குகிறது. இந்தத் தொழிலின் முடிச்சே அதில்தான். 1975இல் காஸ்காட் என்ற நிறுவனத்தின் வழக்கில் ஆணையம் வைத்த அளவுகோல் இன்றுவரை நிற்கிறது: பணம் கட்டிச் சேர்பவருக்குப் பொருள் விற்கும் உரிமையோடு, ஆள் சேர்ப்பதற்கான வெகுமதியும் கிடைத்து, அந்த வெகுமதி கடைசிப் பயனாளிக்கு நடக்கும் விற்பனையோடு தொடர்பில்லாமல் இருந்தால் அது பிரமிட் திட்டம். ஹெர்பலைஃப் உத்தரவிலும் இதே நூல்தான் ஓடுகிறது. விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, சரிபார்த்த சில்லறை விற்பனையின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று அதில் விதித்தார்கள்.

இரண்டாவது, ஆட்டோஷிப், அதாவது மாதாமாதம் தானாகவே பொருளை அனுப்பிப் பணம் பிடிக்கும் ஏற்பாடு பற்றிய புகார்கள். 'மூன்று முறை ரத்து செய்தேன், நான்காவது மாதமும் கார்டில் பணம் எடுத்துவிட்டார்கள்' என்று ஒரே சாயலில் ஐந்தாறு மனு கிடைக்கும். இதைக் கணக்குப் பிரிவின் கவனக்குறைவு என்று கடந்துவிடாதீர்கள். பல திட்டங்களில் மாதாந்திரக் கொள்முதல் செய்தால்தான் நீங்கள் 'ஆக்டிவ்'. ஆக்டிவாக இருந்தால்தான் கமிஷன். ஆக, உறுப்பினர் தன் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள மாதாமாதம் வாங்குகிறார், தேவைக்காக வாங்கவில்லை. வெளியேறும் கதவு ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று யோசித்தால், உள்ளே வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும்.

மூன்றாவதாக, நிறுவனத்தின் பதில் கடிதம். அதைப் புகாரைவிடக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: 'எங்கள் விநியோகஸ்தர்கள் சுயேச்சையாகத் தொழில் செய்பவர்கள், அவர்கள் தனிப்பட்ட முறையில் சொன்னதற்கு நிறுவனம் பொறுப்பல்ல, எனினும் நல்லெண்ண அடிப்படையில் உங்கள் கணக்கை மூடிவிட்டோம்.' இந்தத் தொழிலுக்கு இரண்டு வாய் உண்டு. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, இரண்டு ஆண்டில் வேலையை விட்டுவிடலாம் என்று வாக்குக் கொடுப்பது ஒரு வாய். வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சடித்துக் கொடுப்பது இன்னொரு வாய். பீரோ மதிப்பெண் போடுவது இரண்டாவது வாய்க்கு மட்டும்தான். உங்களைச் சேர்த்தது முதல் வாய்.

வந்து சேராத பொருள், தாமதமான பார்சல், உடைந்த மூடி பற்றிய புகார்களையெல்லாம் தள்ளிவிடலாம். எல்லா நிறுவனத்துக்கும் அவை வரும்.

உண்மையில் பார்க்க வேண்டிய தாள் வேறு. நிறுவனமே வெளியிடும் வருமான அறிக்கை. ஆணையத்தின் அலுவலர்கள் 2024 செப்டம்பரில் 70 எம்.எல்.எம். நிறுவனங்களின் இத்தகைய அறிக்கைகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான உறுப்பினர்கள் ஈட்டியது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழ். அதாவது மாதத்துக்கு 84 டாலருக்கும் குறைவு. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே வரவில்லை. இதைவிட முக்கியம், அந்த அறிக்கைகள் எழுதப்படும் விதம் பற்றி அவர்கள் சொன்னது. வருமானமே இல்லாதவர்களைக் கணக்கிலிருந்து கழற்றிவிடுவார்கள் அல்லது பொடி எழுத்தில் அடியில் தள்ளுவார்கள். செலவைக் கழிக்க மாட்டார்கள். மேலே பெரிதாக நிற்பது உச்சியில் இருக்கும் சிலருடைய தொகை.

எனவே அண்ணி காட்டும் தாளில் 'சராசரி' என்ற சொல்லைக் கண்டால் விரலை அங்கேயே வையுங்கள். யாருடைய சராசரி? 'ஆக்டிவ்' உறுப்பினர்களுடையதா, கமிஷன் வாங்கியவர்களுடையதா, சேர்ந்த எல்லாருடையதா? ஒன்பது பேருக்குச் சுழியமும் பத்தாவது ஆளுக்குப் பத்தாயிரமும் என்றால் சராசரி ஆயிரம்தான். அந்த ஆயிரத்தை வாங்கியவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் இல்லை. நடுவில் நிற்கும் ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம். அறிக்கையே வெளியிடாத நிறுவனம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கூட்டத்தில் ஆம்வே பெயரைச் சொல்லி, 'இந்த முறை சட்டப்படி சரி என்று 1979லேயே ஆணையம் தீர்ப்பளித்துவிட்டது' என்பார்கள். பாதி உண்மை. ஆம்வே பிரமிட் திட்டம் அல்ல என்று அந்த ஆண்டு முடிவு வந்தது. பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வது, வாங்கியதில் 70 சதவீதத்தை விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது சில்லறையில் விற்றிருக்க வேண்டும் என்ற விதிகள் அந்த நிறுவனத்திடம் இருந்தன. அவற்றை வைத்தே அந்த முடிவு. அதே தீர்ப்பில் விலையை நிர்ணயித்தது தவறு, வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னது தவறு என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை மேடையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. ஒரு நிறுவனத்துக்கு வந்த முடிவு இன்னொன்றுக்கு நற்சான்று ஆகாது என்பது தனி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிக் கேட்பவர்களில் சிலர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்படி இருந்தால் முதல் வேலை கார்டு. நிறுவனத்துக்கு ரத்துக் கடிதத்தை எழுத்தில் அனுப்பிவிட்டு, வங்கியிடமும் அந்தத் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது, பிரிக்காத சரக்கு. அமெரிக்க நேரடி விற்பனையாளர் சங்கத்தின் நெறிமுறை, கடைசி 12 மாதங்களில் வாங்கிய விற்கத்தக்க சரக்கை, விலகும் உறுப்பினரிடமிருந்து 90 சதவீதத்துக்குக் குறையாத விலையில் திரும்ப வாங்க வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனம் அந்தச் சங்கத்தில் இல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தில் இதே போன்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, எடுத்துச் சொல்வதில்லை. தேதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் 'இன்னும் ஒரு மாதம் முயற்சி செய்' என்ற அப்லைனின் அறிவுரைக்குச் செவி கொடுக்காதீர்கள். பன்னிரண்டாவது மாதம் கடந்தபின் அந்த டப்பாக்கள் உங்களுடையவை.

புகார் எழுதினால் கோபத்தைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள். என்ன சொன்னார்கள், எங்கே, எந்த நாள், எவ்வளவு கட்டினீர்கள், ஆர்டர் எண் என்ன, ரத்துக் கேட்ட நாள் எது, இப்போது என்ன வேண்டும். ஒரு பக்கம் போதும். பீரோ போன்ற அமைப்புக்கு அனுப்பினால் நிறுவனம் பதில் சொல்லும், சில சமயம் பணமும் வரும். அரசு ஆணையத்துக்கு அனுப்பினால் உங்கள் பணம் உடனே வராது. ஆனால் அடுத்த வழக்குக்கு அது ஒரு செங்கல். இரண்டுக்கும் அனுப்பலாம்.

அண்ணியின் பெயரை எழுத வேண்டியதில்லை. புகார் நிறுவனத்தின் மேல்தான். அந்தப் பெண் போன பிறகு எங்கள் படிவத்தில் ஒரு சிறிய மாற்றம் செய்தோம். 'உங்களை இதில் சேர்த்தவர் யார்?' என்ற வரிக்கு அடியில் 'விருப்பமிருந்தால் மட்டும்' என்று சேர்த்தோம். அதன் பிறகு வந்த மனுக்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. கீழே கையெழுத்து இருந்தது.